சிஎச்ஏ ஆபீஸ் ஷேர்பாயின்ட்டில் ரிட்டென்ஷன் பாலிசி: எத்தனை வருஷம், எந்தத் தேதியிலிருந்து?

பேரிஸ்கார்னர்_ஜாப்ஷீட் (கேள்வி)

தம்பு செட்டித் தெருவுல சிஎச்ஏ (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட், சரக்கைக் கஸ்டம்ஸ்ல கிளியர் பண்ற புரோக்கர்) ஆபீஸ், மணலியில ஒரு சின்ன யார்டு ஆபீஸ். பிரைவேட் லிமிடெட். 32 லாகின், எல்லாமே மைக்ரோசாஃப்ட் 365 இ3 லைசென்ஸ். ஜாப் ஃபைல், ஏஜென்சி பில், கிளையன்ட் கேஒய்சி, ஸ்டாஃப் பேப்பர் எல்லாம் ஒரே ஷேர்பாயின்ட் (மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் ஃபைல் கிடங்கு) சைட்டுல, ஒரே லைப்ரரியில குவிஞ்சு கிடக்கு. 2017லேர்ந்து ஓடுற என்ஏஎஸ் (ஆபீஸ் நெட்வொர்க்குல மாட்டின ஸ்டோரேஜ்) டப்பாவையும் அதுக்குள்ள ஏத்தச் சொல்லியிருக்காங்க.

டாக்குமென்ட் ரிட்டென்ஷன், அதாவது எதை எத்தனை வருஷம் அழியாம வெச்சிருக்கணும்ங்கறதை செட் பண்ணணும். ஒருத்தர் 5 வருஷம் போதும்ங்கிறார், ஆடிட்டர் 8ங்கிறார், இன்னொருத்தர் ஜிஎஸ்டிக்கு 6ன்னு சொல்றார். என் சந்தேகம்:

எத்தனை வருஷம் போடணும்? பர்வியூல (இந்த செட்டிங் எல்லாம் இருக்கிற மைக்ரோசாஃப்ட் போர்ட்டல்) பாலிசியா, லேபிளா? முடிஞ்சதும் தானா அழியறதை ஆன் பண்ணலாமா? ஸ்கேன் பண்ணிட்டா பேப்பரை எடைக்குப் போட்டுடலாமா?

திருவொற்றியூர்_பைல்ரேக்

எல்லாத்துக்கும் 8 வருஷம்னு ஒரே பாலிசி போட்டு, முடிஞ்சதும் டெலீட்னு டிக் பண்ணிடுங்க பாஸ். கஸ்டம்ஸுக்கு 5, ஜிஎஸ்டிக்கு 6, கம்பெனி சட்டத்துக்கு 8. பெரிசைப் போட்டா சின்னது அதுக்குள்ள அடங்கிடும். அஞ்சு நிமிஷ வேலை.

கணக்குப்பிள்ளை_ராயபுரம்

மேல சொன்ன 8ஐ அப்படியே போட்டுடாதீங்க சார். எண் தப்பில்ல, எண்ண ஆரம்பிக்கிற இடம் தப்பு. சட்டம் எதுவும் "ஃபைலை அப்லோட் பண்ண நாள்லேர்ந்து"ன்னு எண்ணறதில்ல. ஷேர்பாயின்ட் அப்படித்தான் எண்ணும்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128(5) என்ன சொல்லுதுன்னா, நடப்பு நிதியாண்டுக்கு முந்தைய 8 நிதியாண்டுகளோட கணக்குப் புத்தகமும் வவுச்சரும் கையில இருக்கணும். 1-4-2022 தேதி வவுச்சரை எடுத்துக்குங்க. அது 2022-23 நிதியாண்டு. 2030-31 நடக்கும்போது திரும்பிப் பார்த்தா எட்டாவதா வந்து நிக்கறது அந்த 2022-23 தான். அதனால 31-3-2031 வரைக்கும் அது வேணும். வவுச்சர் தேதியிலேர்ந்து முழுசா 9 வருஷம். நீங்க 8னு போட்டா 2030 ஏப்ரல் 1லேயே போயிடும், ஒரு வருஷம் துண்டு விழும். அதே நிதியாண்டோட கடைசி வவுச்சர், 31-3-2023 தேதி போட்டது, அதுக்கு 8 வருஷமே சரியா இருக்கும். ஆனா பாலிசிக்கு ஏப்ரல் வவுச்சர், மார்ச் வவுச்சர்னு வித்தியாசம் தெரியாது. ஏப்ரல் 1ஐ வெச்சுத்தான் கணக்குப் போடணும்.

ஜிஎஸ்டி: பிரிவு 36 சொல்றது 72 மாசம். ஆனா பில் தேதியிலேர்ந்து இல்ல, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னோட கடைசித் தேதியிலேர்ந்து. 2022-23க்கு கடைசித் தேதி 31-12-2023, அதோட 72 மாசம் கூட்டினா 31-12-2029. ஏப்ரல் 1 பில்லுக்கு 7 வருஷம் 9 மாசம். இதோட முடிஞ்சா 8 போதும்னு சொல்லலாம். ஆனா கடைசித் தேதியை நீட்டின வருஷங்கள் இருக்கு. 2018-19 ரிட்டர்னை 31-12-2020 வரைக்கும் நீட்டினாங்க. அதனால அந்த வருஷத்து பில் 31-12-2026 வரைக்கும் இருக்கணும். 1-4-2018 பில்லுக்கு இது 8 வருஷம் 9 மாசம். 8 போட்டிருந்தா அந்த பில் 2026 ஏப்ரல்லயே காலி. உங்க என்ஏஎஸ்ல இந்த வருஷம் இருக்குன்னு சொல்றீங்க, பார்த்துக்குங்க.

ஆக, கணக்கு சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் 9. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தா அது தனிக் கதை: இறுதித் தீர்வு வந்து 1 வருஷம், இல்ல அந்த 72 மாசம், ரெண்டுல எது பிந்தியதோ அது. இதைப் பாலிசியால பிடிக்க முடியாது, ஹோல்டு (கேஸ் முடியறவரை அழியாமத் தடுக்கிற பூட்டு) போட்டுத்தான் பிடிக்கணும். அதை ஐடி ஆளுங்க சொல்லட்டும்.

கஸ்டம்ஸ் பக்கம்: சிபிஎல்ஆர் 2018 (கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் விதிகள்), விதி 10(p) புரோக்கர் ரெக்கார்டு குறைஞ்சது 5 வருஷம் இருக்கணும்ங்குது. அந்த 5ஐப் பிடிச்சுக்கிட்டு ஜாப் ஃபைலைத் தனியா 5ல அழிக்கலாம்னு தோணும். வேணாம். ஜாப் ஃபைலுக்குள்ள பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்குக் கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற படிவம்) மட்டுமா இருக்கு? நீங்க கட்டிட்டு கிளையன்ட்கிட்ட வசூலிச்ச சிஎஃப்எஸ் (கன்டெய்னர் ஃப்ரைட் ஸ்டேஷன்) பில், லைன் சார்ஜ் ரசீது, டிரான்ஸ்போர்ட் பில் எல்லாம் உங்க வவுச்சர். ஒரு ஜாப்பைப் பிரிச்சு பாதியை 5க்கும் மீதியை 9க்கும் வெக்கறதுக்கு ஆகிற ஆள் கூலி ஸ்டோரேஜ் செலவை விட அதிகம். ஒரு ஜாப் 5 எம்பி, மாசம் 600 ஜாப்னு வெச்சாக்கூட வருஷத்துக்கு 36 ஜிபி தான்.

மினிட்ஸ் புக், மெம்பர் ரெஜிஸ்டர், இன்கார்ப்பரேஷன் பேப்பர் எல்லாம் நிரந்தரம். அதுக்கு முடிவுத் தேதியே கிடையாது.

கேஒய்சி ஒண்ணுதான் எதிர்த்திசையில இழுக்கும். 5 வருஷம் வெக்கணும்ங்கறது ஒரு பக்கம். 2023 டிபிடிபி (டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு) சட்டத்துல வேலை முடிஞ்ச தனிநபர் தகவலை, வேற சட்டம் வெக்கச் சொன்னாலொழிய, அழிக்கணும்ங்கறது இன்னொரு பக்கம். அதோட விதிகள் 2025 நவம்பர்ல வந்து, படிப்படியா அமலுக்கு வருது. அதனால புரொப்ரைட்டரோட ஆதார் காப்பியை 9 வருஷ மூட்டையில கட்டிப் போடாதீங்க, தனியா வைங்க. முதல் 8 எண் மறைச்ச மாஸ்க்டு ஆதாரே வாங்குங்க. வேலைக்கு வந்து தேர்வாகாதவங்க பயோடேட்டாவும் இதே ரகம், ஆறு மாசத்துக்கு மேல அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?

தண்டையார்பேட்டை_அட்மின்

வருஷக் கணக்கு முடிந்தது, செட்டிங்குக்கு வருகிறேன்.

முதலில் லைசென்ஸ். இ3இல் இரண்டு வழிதான்: சைட் முழுவதற்கும் ரிட்டென்ஷன் பாலிசி, அல்லது ஆள் கையால் ஒட்டும் ரிட்டென்ஷன் லேபிள். லைப்ரரிக்கு டீஃபால்ட் லேபிள், தானாக ஒட்டிக்கொள்ளும் லேபிள், ஒரு நிகழ்விலிருந்து எண்ணும் லேபிள், அழிப்பதற்கு முன் ஆள் பார்த்து ஒப்புதல் தரும் டிஸ்போசிஷன் ரிவ்யூ எல்லாம் இ5 என்ற மேல்படி லைசென்ஸ் வகையறா. 32 பேரும் ஃபைல் ஃபைலாக லேபிள் ஒட்டுவார்கள் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். கட்-ஆஃப் நேரத்தில் ஷிப்பிங் பில் போட்டுக்கொண்டிருப்பவர் லேபிள் காலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஆகவே லேபிளை மறந்துவிட்டு சைட்டைப் பிரியுங்கள். ஒரு கால அளவுக்கு ஒரு சைட்: ஜாப்பும் கணக்கும் ஒன்று, கேஒய்சி ஒன்று, ஸ்டாஃப் ஒன்று, நிரந்தரம் ஒன்று. ஐந்தாவதாக, எந்தப் பாலிசியும் இல்லாத ஒரு வேலை மேசை சைட். டிராஃப்ட் செக்லிஸ்ட், தினசரி எக்செல், ரேட் ஒப்பீடு எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே.

புதிய சைட்டுகளைக் கம்யூனிகேஷன் சைட்டாகவே உருவாக்குங்கள். டீம்ஸில் டீம் திறந்தால் கூடவே பிறக்கும் சைட் 365 குரூப்போடு கட்டப்பட்டது. பாலிசியில் அதற்கான இடம் வேறு: 'மைக்ரோசாஃப்ட் 365 குரூப்' என்ற வரி. 'ஷேர்பாயின்ட் கிளாசிக் அண்ட் கம்யூனிகேஷன் சைட்ஸ்' என்ற வரியை ஆன் செய்துவிட்டு டீம் சைட்டுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த சைட்டில் பாலிசியே இறங்கியிருக்காது.

பர்வியூ போர்ட்டலில் டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட், அதில் பாலிசிஸ், அதில் ரிட்டென்ஷன் பாலிசிஸ், புதியது. ஸ்கோப் கேட்கும்போது ஸ்டாட்டிக் என்று கொடுங்கள்; அடாப்டிவ் இ5 சமாச்சாரம். இடங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஷேர்பாயின்ட் வரியை மட்டும் ஆன் செய்து, உள்ளே போய் சைட்டின் முகவரியை ஒட்டுங்கள். அங்கே ஒன்றும் தராமல் அடுத்ததுக்குப் போனால் 'எல்லா சைட்டும்' என்று எடுத்துக்கொள்ளும். இதிலேயே இன்னொரு பள்ளம்: பின்னொரு நாள் பட்டியலில் இருக்கும் கடைசி சைட்டையும் நீக்கினால் பாலிசி காலியாகாது, 'எல்லாம்' என்று மாறிக்கொள்ளும். ஒரு பாலிசி வேண்டாம் என்றால் பாலிசியையே நீக்குங்கள், சைட்டை ஒவ்வொன்றாக நீக்காதீர்கள். குறிப்பிட்டுச் சேர்க்கும் சைட்டுகளுக்கு உச்சவரம்பு ஒரு பாலிசிக்கு 100, உங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

கால அளவு 9 வருஷம், எண்ணும் தொடக்கம் 'உருவாக்கிய தேதி'. 'கடைசியாக மாற்றிய தேதி' வேண்டாம். ஃபைலைத் திறந்து ஒரு எழுத்தைத் திருத்தினாலே கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும், 2031இல் போக வேண்டியது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முடிவில் என்ன செய்வது என்று கேட்கும்போது 'ஒன்றும் செய்யாதே'. முதல் பாலிசி வைத்திருப்பதற்கு மட்டும். அழிப்பதற்குத் தனியாக இன்னொரு பாலிசி, பிறகு. இரண்டு பாலிசி ஒரே ஃபைல்மேல் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு வரிசை இருக்கிறது: அழிப்பதைவிட வைத்திருப்பது ஜெயிக்கும், வைத்திருப்பதில் நீளமானது ஜெயிக்கும். எனவே அழிக்கும் பாலிசியில் தப்பாக 3 வருஷம் என்று அடித்துவிட்டாலும், 9 வருஷப் பாலிசி அந்த ஃபைலின் பிரதியைக் காப்பாற்றிக் கொடுக்கும். இரண்டையும் ஒரே பாலிசியில் போட்டிருந்தால் அந்தத் தடுப்பு இல்லை.

பாலிசி போட்டதும் இறங்காது, 7 நாள் வரை ஆகும். மறுநாளே சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று இரண்டாவது பாலிசி போடாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஒரு சோதனை ஃபைலை ஏற்றி, அழித்து, சைட் கலெக்‌ஷன் அட்மின் லாகினில் சைட் கன்டென்ட்ஸைத் திறந்து பாருங்கள். 'ப்ரிசர்வேஷன் ஹோல்டு லைப்ரரி' என்று ஒன்று முளைத்திருக்கும். மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. உங்கள் சோதனை ஃபைல் உள்ளே கிடந்தால் பாலிசி பிடித்துவிட்டது.

அந்த லைப்ரரிதான் வேலை மேசை சைட்டுக்கான காரணமும். பாலிசி உள்ள சைட்டில் யார் எதை அழித்தாலும் பிரதி அங்கே போய் உட்காரும், அந்த இடம் சைட்டின் ஸ்டோரேஜிலேயே கழியும். அதோடு, ரிட்டென்ஷனில் இருக்கும் ஃபைலுக்கு லைப்ரரியின் வெர்ஷன் வரம்பு செல்லாது, பழைய வெர்ஷன் எல்லாம் காலம் முடியும்வரை அப்படியே நிற்கும். 40 எம்பி எக்செலை நாலு பேர் நாள் முழுக்கத் திறந்து சேமித்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். உங்களிடம் இருப்பது 1 டிபி, கூட லைசென்ஸுக்கு 10 ஜிபி வீதம் 320 ஜிபி. அவ்வளவுதான்.

டேலி பேக்கப்பை அந்த 9 வருஷ சைட்டில் தினமும் கொண்டுபோய்ப் போடாதீர்கள். 600 எம்பி பேக்கப், வருஷத்துக்கு 300 வேலைநாள் என்றால் 180 ஜிபி. ஒன்பது வருஷத்துக்கு 1,620 ஜிபி, உங்கள் மொத்த இடத்தையே தாண்டிவிடும். நிதியாண்டு இறுதிப் பேக்கப் ஒன்று போதும் அங்கே. தினசரிப் பேக்கப் வேறிடம். கம்பெனிக் கணக்கு விதிப்படி எலெக்ட்ரானிக் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் போக வேண்டும், ரிட்டென்ஷன் பாலிசி அந்தக் கடமையைத் தீர்க்காது. அட்மின் சென்டரில் ஆர்கனைசேஷன் ப்ரொஃபைலுக்குள் டேட்டா லொகேஷன் என்று இருக்கும், இந்தியா என்று காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

'ப்ரிசர்வேஷன் லாக்' என்று ஒரு வசதி உண்டு. தொடாதீர்கள். பூட்டினால் அட்மின் நினைத்தாலும் பாலிசியை எடுக்கவோ காலத்தைக் குறைக்கவோ முடியாது. உங்கள் ஆபீஸுக்கு அதைக் கட்டாயமாக்கும் விதி எதுவும் இல்லை.

பேரிஸ்கார்னர்_ஜாப்ஷீட்

ரொம்ப நன்றி சார், ரெண்டு பேருக்கும். சைட் பிரிக்கறது புரிஞ்சுது. இன்னும் மூணு:

என்ஏஎஸ்ல இருக்கிறதை ஏத்தும்போது தேதி என்ன ஆகும்? கேஒய்சிக்கு 5 வருஷம் கிளையன்ட் போன நாள்லேர்ந்து எண்ணணும், இ3ல அது முடியாதுன்னு சொல்லிட்டீங்களே? ஒரு இம்போர்ட்டருக்கு வேல்யுவேஷன் கேஸ் (சரக்கோட மதிப்பு பத்தின கஸ்டம்ஸ் வழக்கு) ஓடுது, அந்த ஜாப்புகளை மட்டும் எப்படிப் பிடிச்சு வெக்கிறது?

தண்டையார்பேட்டை_அட்மின்

என்ஏஎஸ்: பிரவுசரில் இழுத்துப் போட்டால் 'உருவாக்கிய தேதி' அன்றைய தேதியாகிவிடும். 2017 பில் 2035 வரை சும்மா குந்திக்கொண்டிருக்கும். ஷேர்பாயின்ட் மைக்ரேஷன் டூல் இலவசம், அதில் ஏற்றினால் பழைய தேதிகள் அப்படியே வரும். ஆனால் எந்தப் பழைய தேதி என்று பாருங்கள். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் 'மாற்றிய தேதி' அப்படியே வரும், 'உருவாக்கிய தேதி' காப்பி செய்த நாளாகிவிடும். டப்பாவை நடுவில் ஒருமுறை மாற்றியிருந்தால், உருவாக்கிய தேதி மாற்றிய தேதிக்குப் பிந்தியதாக நிற்கும். விசித்திரமாகத் தோன்றினாலும் இது பாதுகாப்பான பக்கத்துத் தப்பு: கூடுதலாக இருக்கும், குறைவாக இருக்காது.

தேதி சரியாக வந்துவிட்டால் ஆபத்து வேறு பக்கம். அழிக்கும் பாலிசி ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருக்க, 9 வருஷம் தாண்டிய ஃபைல்கள் வந்து இறங்கினால் கொஞ்ச நாளில் ரீசைக்கிள் பின்னுக்குப் போய்விடும். யாருக்கும் மெயில் வராது. 93 நாளுக்குள் கண்டுபிடித்தால் மீட்கலாம், அதற்குப் பிறகு போனது போனதுதான். இதற்காகத்தான் அழிக்கும் பாலிசியைக் கடைசியில் போடச் சொன்னேன். மைக்ரேஷன் முடிந்து, லைப்ரரியை உருவாக்கிய தேதிப்படி அடுக்கி, மேலே வரும் பழைய நூறு ஃபைலையாவது கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள்.

பேப்பரை இப்போது ஸ்கேன் செய்து ஏற்றப் போகிற பழைய வருஷங்களுக்குத் தனி சைட், தனி கால அளவு. உதாரணம், 2019-20 வவுச்சர் கம்பெனிச் சட்டப்படி 31-3-2028 வரை வேண்டும். 2026 ஜூனில் ஏற்றினால் அந்த சைட்டுக்கு 2 வருஷம் போதும். வருஷத்துக்கு ஒரு சைட் என்பது அசிங்கமாக இருக்கும், ஆனால் காலம் முடிய முடிய ஒவ்வொன்றாகக் காலியாகிவிடும்.

கேஒய்சி: லேபிள் வேண்டாம் என்றேன், இங்கே மட்டும் வேண்டும். லேபிளில் எண்ணும் தொடக்கத்தை 'லேபிள் ஒட்டிய நாள்' என்று வைக்கலாம். 5 வருஷம், முடிந்ததும் அழி என்று ஒரு லேபிள் செய்து அதைக் கேஒய்சி சைட்டுக்கு மட்டும் பப்ளிஷ் செய்யுங்கள். கிளையன்ட் கணக்கு மூடும் அன்று, அவருடைய ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து, விவரப் பலகத்தில் அந்த லேபிளை ஒட்டுங்கள். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து கிளையன்ட்தானே போவார்கள், கையால் செய்யலாம். கணக்கு மூடும் செக்லிஸ்ட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் விடுபடாது. அந்த சைட்டின் பாலிசி வைத்திருக்க மட்டும், 5 வருஷம். மேலே 9 என்று போட்டுவிட்டால் லேபிள் அழிக்கச் சொன்னாலும் பாலிசி விடாது, முதலில் சொன்ன வரிசைதான்.

கேஸ்: பர்வியூவின் ஈடிஸ்கவரியில் (வழக்குக்கான ஃபைல்களைத் தேடிப் பிடிக்கும் பகுதி) ஒரு கேஸ் திறந்து, ஹோல்டு போட்டு, அந்த சைட்டைத் தந்து, ஜாப் எண்களைத் தேடல் வரியாகக் கொடுங்கள். ஹோல்டு இருக்கும்வரை எந்த அழிக்கும் பாலிசியும் அதைத் தீண்டாது. 24 மணி நேரம் வரை ஆகும் பிடிக்க. ஆனால் இந்தத் தேடல் ஃபைல் பெயரையும் உள்ளிருக்கும் எழுத்தையும்தான் பார்க்கும். வெறும் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப், பெயர் 'ஸ்கேன்0047' என்றால் ஹோல்டு அதைத் தாண்டிப் போய்விடும், உங்களுக்கோ எல்லாம் பிடித்தாயிற்று என்ற நினைப்பு. ஜாப் எண் ஃபைல் பெயரில் இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் தேடலே இல்லாமல் முழு சைட்டையும் ஹோல்டில் போடுங்கள், நஷ்டம் ஸ்டோரேஜ் மட்டும்தான். கேஸ் ஃபைல்களைத் தனி சைட்டுக்கு நகர்த்திப் பாதுகாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நகர்த்தினால் பழைய சைட்டின் ஹோல்டு லைப்ரரியில் ஒரு பிரதி தங்கும், ஒரே பேப்பருக்கு இரண்டு இடம், இரண்டு கணக்கு.

பெயர் வைக்கும்போது: சென்னை/இம்ப்/0452/25-26 என்பது போன்ற ஜாப் எண்ணை அப்படியே ஃபைல் பெயராக்க முடியாது, சாய்கோடு ஷேர்பாயின்ட்டில் செல்லாது. கோலன், கேள்விக்குறி, நட்சத்திரக் குறியும் அப்படியே. ஹைஃபன் போடுங்கள், எல்லாரும் ஒரே மாதிரி போடுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் அடுக்கினால் முழுப் பாதை 400 எழுத்தைத் தாண்டி மைக்ரேஷன் டூல் அந்த ஃபைலை விட்டுவிடும், அதன் ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

மணலி_கேட்பாஸ்

பேப்பர் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன்.

எடைப்பாலம் ஸ்லிப்பு, சில கேட் பாஸ், டோல் ரசீது இதெல்லாம் தெர்மல் பேப்பர். நம்ம ஊர் வெக்கைக்கு சில மாசத்துல வெளுத்துப் போய் வெத்துத்தாளா நிக்கும். 9 வருஷ பாலிசி போட்டு என்ன புண்ணியம், ஸ்கேன் பண்றப்பவே எழுத்து இல்லன்னா? யார்டுலேர்ந்து வந்த அன்னிக்கே ஸ்கேன் அடிச்சுடணும், மாசக் கடைசின்னு மூட்டை கட்டக் கூடாது. டாட் மேட்ரிக்ஸ் மூணாவது கார்பன் காப்பியைக் கறுப்பு-வெள்ளையில ஸ்கேன் பண்ணா பாதி எண் காணாமப் போகும். கிரேஸ்கேல், 300 டிபிஐ. ஸ்கேன் பண்ணவரே கன்டெய்னர் நம்பரையும் எடையையும் திரையில படிச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்த தாளை வெக்கணும்.

டிஜிட்டல் கையெழுத்து போட்ட பிடிஎஃப்ப ஓசிஆர் (படத்துல இருக்கிற எழுத்தைத் தேடற எழுத்தா மாத்தறது) பண்ணாதீங்க, கம்ப்ரஸ் பண்ணாதீங்க, 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்து ஒண்ணா சேர்க்காதீங்க. கையெழுத்து உடைஞ்சுடும். இ-சஞ்சித்ல (கஸ்டம்ஸுக்கு ஆவணம் ஏத்தற போர்ட்டல்) ஏத்தின அதே ஃபைலை அப்படியே வெச்சு, அது தர்ற ஐஆர்என் நம்பரை ஃபைல் பேர்ல போடுங்க. தேடறதுக்கு வேணும்னா ஓசிஆர் பண்ண காப்பி தனியா இருக்கட்டும்.

வாட்ஸ்அப்ல கிளையன்ட் அனுப்பற பேக்கிங் லிஸ்ட், "ஓகே, ஃபைல் பண்ணுங்க"ன்னு சொல்ற மெசேஜ் எதுவும் உங்க பாலிசிக்குள்ள வராது. செக்லிஸ்ட் அப்ரூவலாவது மெயில்ல வாங்கி, அந்த மெயிலையே ஜாப் ஃபோல்டர்ல போடுங்க. மெயில்பாக்ஸுக்கு ரிட்டென்ஷன் தனிப் பாலிசி, ஷேர்பாயின்ட்டுக்குப் போட்டது அவுட்லுக்குக்கு ஒட்டாது.

பேப்பரை எடைக்குப் போடறது: ஸ்டாம்ப் பேப்பர் பாண்டு, பவர் ஆஃப் அட்டர்னி, கிளையன்ட் ஆதரைசேஷன் லெட்டர் ஒரிஜினல், கேஸ் இருக்கிற ஜாப், இதெல்லாம் பேப்பராவே இருக்கணும். மிச்சத்தை ஸ்கேன் சரிபார்த்து, ஆடிட் முடிஞ்சு, ஆடிட்டர் சரின்னு எழுதிக் கொடுத்த அப்புறம் ஷ்ரெட் பண்ணுங்க. முழுத்தாளா பழைய பேப்பர் கடைக்குப் போச்சுன்னா கிளையன்ட்டோட விலை விவரம் வடையோட ஊரெல்லாம் சுத்தும். வெச்சிருக்கற பேப்பரைத் தரைத்தளத்துல கீழ் ரேக்குல வெக்காதீங்க. மிக்ஜாம் மழையில, 2023 டிசம்பர்ல, தண்ணி எவ்ளோ ஏறிச்சுன்னு செவுத்துல கோடு இன்னும் இருக்கும், அதுக்கு மேல அடுக்குங்க.

கணக்குப்பிள்ளை_ராயபுரம்

மணலி சார் சொன்னதோட ஒண்ணு. ஸ்கேன் காப்பியைக் கோர்ட்டுல காட்டணும்னா 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63 சர்ட்டிஃபிகேட். பழைய எவிடென்ஸ் சட்டத்து 65பிக்குப் பதிலா வந்தது. அதோட படிவத்துல ஃபைலோட ஹாஷ் மதிப்பு (உள்ளடக்கத்துலேர்ந்து கணக்கிடற, கைரேகை மாதிரி ஒரு எண்) கேக்கும். கேஸ் இருக்கிற ஜாப்புகளுக்கு இப்பவே எஸ்எச்ஏ-256 முறையில ஹாஷ் எடுத்து ஒரு பட்டியலா வெச்சுக்குங்க. அப்புறம் யாராச்சும் ஃபைலைத் திறந்து சேமிச்சாங்கன்னா மதிப்பு மாறிடும்.

திருவொற்றியூர்_பைல்ரேக்

சரி, 8 தப்புதான், ஒத்துக்கறேன். 2018-19 கணக்கு எனக்குத் தோணவே இல்ல. எங்க சைட்டுல 8 வருஷம் டெலீட்டோட சேர்த்துத்தான் ஓடுது, இப்பவே 9 ஆக்கறேன். ஏற்கெனவே அழிஞ்சது ஏதாவது இருந்தா?

தண்டையார்பேட்டை_அட்மின்

இருக்கும். முதலில் பாலிசியை ஆஃப் செய்யுங்கள், 9 ஆக மாற்றினாலும் இறங்க ஒரு வாரம் வரை ஆகும், அந்த வாரத்திலும் போய்க்கொண்டே இருக்கும். பிறகு சைட்டின் ரீசைக்கிள் பின், அதன் அடியில் 'செகண்ட் ஸ்டேஜ்', இரண்டையும் அழித்த தேதிப்படி அடுக்கி மீட்டெடுங்கள். இரண்டுக்கும் சேர்த்தே 93 நாள், தனித்தனியாக இல்லை. ஆடிட் லாக்கில் யார், எது, எப்போது என்று தேடலாம். இ3இல் அது 180 நாள்தான் நிற்கும், இன்றைக்கே எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவருக்கும் இது பொருந்தும்: அழிக்கும் பாலிசி போடும் நாளில், அதில் விழப்போகிற ஃபைல் பட்டியலை லைப்ரரியிலிருந்து எக்செலாக எடுத்து, டைரக்டர் கையெழுத்தோடு நிரந்தர சைட்டில் போடுங்கள். இ3இல் டிஸ்போசிஷன் ரிவ்யூ இல்லாததால், எதை ஏன் அழித்தோம் என்பதற்கு உங்களிடம் இருக்கப் போகும் ஒரே சான்று அந்தத் தாள்தான்.

பேரிஸ்கார்னர்_ஜாப்ஷீட்

இந்த வாரம் சைட் அஞ்சும் திறந்து, வைத்திருக்கிற பாலிசி மட்டும் போடறேன். என்ஏஎஸ்ல 2018-19 ஃபோல்டரை முதல்ல திறந்து பார்த்தேன், ஃபைல் பேர் முக்கால்வாசி 'ஸ்கேன்'னு தான் ஆரம்பிக்குது. பேர் மாத்தற வேலையே ஒரு மாசம் ஓடும் போலிருக்கு.

மணலி_கேட்பாஸ்

கேஸ் ஓடற இம்போர்ட்டரோட ஜாப்புலேர்ந்து ஆரம்பிங்க தம்பி. ஆனா ஹோல்டை இப்பவே முழு சைட்டுக்கும் போட்டுடுங்க, பேர் மாத்தி முடிச்ச அப்புறம் சுருக்கிக்கலாம்.